நேற்றைய விலையைக் காட்டும் உலாவி: புதுப்பிப்பதா, அழிப்பதா?

கம்பத்திலிருந்து குமுளிக்கு ஏறும் சாலையோரத்தில் நான் நடத்தும் கணினி மையத்துக்கு ஆண்டு முழுவதும் ஓயாமல் வரும் குறை ஒன்று உண்டு. புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் மின்னணு ஏலம் முடிந்து, அன்றைய சராசரி விலையும் உச்ச விலையும் வெளியான பிறகும், சிலருடைய போனில் முந்தைய ஏலத்தின் விலையே நிற்கிறது. "அண்ணே, பக்கத்துல உக்காந்திருக்கவர் போன்ல புது விலை வருது, என் போன்ல நேத்து விலையே நிக்குது, போன் கெட்டுப்போச்சா?" என்று வண்டன்மேட்டுப் பக்கத்துச் சிறு விவசாயி ஒருவர் கேட்டபோது, அவர் பழைய விலையை நம்பி நான்கு மூட்டைக் காய்க்குப் பேச்சை முடித்துவிட்டு வந்திருந்தார். போன் கெடவில்லை. விலையைத் திரட்டி வெளியிடும் ஒரு தளத்தின் பழைய பிரதியை அவருடைய உலாவி தன்னிடமே வைத்துக்கொண்டு, அதையே திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தது.

இந்தக் குறைக்கு வழிகள் பல. பக்கத்தைச் சாதாரணமாகப் புதுப்பிக்கலாம், வலுவாகப் புதுப்பிக்கலாம், மறைநிலை (இன்காக்னிட்டோ) சாளரத்தில் திறக்கலாம், அந்த ஒரு தளத்தின் தரவை மட்டும் நீக்கலாம், அல்லது உலாவி சேமித்த எல்லாவற்றையும் துடைத்துவிடலாம். போன் கடைகளில் பெரும்பாலும் கடைசி வழியைத்தான் முதலில் கையாள்கிறார்கள். எங்கள் தமிழ்நாடு-கேரள எல்லைப் பகுதியின் நிலைமைக்கு அது முதல் வழியாக இருக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்பதை ஒவ்வொரு வழியின் விலையையும் பயனையும் எடை போட்டுத்தான் சொல்ல முடியும்.

அதற்கு முன், பழைய பக்கம் எதனால் நிற்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். மலை மேலிருக்கும் பெட்டிக்கடைக்காரர் ஒவ்வொரு சோப்புக் கட்டிக்கும் கம்பத்துக்கு இறங்க மாட்டார். சரக்கை வாங்கி அடுக்கி வைத்துக்கொள்வார். உலாவியும் அப்படித்தான் ஒருமுறை வாங்கிய படம், எழுத்துரு, நிரல் கோப்பு, பக்கம் ஆகியவற்றைத் தற்காலிகச் சேமிப்பில், அதாவது எல்லோரும் கேஷ் என்று சொல்லும் இடத்தில், வைத்துக்கொள்கிறது. எந்தச் சரக்கை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்பதை அனுப்பும் சர்வரே, அதாவது தளத்தைத் தாங்கி நிற்கும் கணினியே, சொல்ல வேண்டும் என்பது இணையத்தின் விதி. உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் நெறியான எச்டிடிபியின் 1997 இல் வந்த 1.1 பதிப்பு அதற்கான கட்டளைகளை வகுத்தது. 2022 ஜூனில் வெளியான ஆர்எஃப்சி 9111 என்னும் இணையத் தர ஆவணம் இன்றைய வடிவத்தைச் சொல்கிறது. 'மேக்ஸ்-ஏஜ் 3600' என்று சர்வர் சொன்னால், 3,600 நொடிகள், அதாவது ஒரு மணி நேரம் வரை உலாவி மறுபடி கேட்க வேண்டியதில்லை. 'நோ-கேஷ்' என்பது பலர் நினைப்பதுபோல் 'சேமிக்காதே' என்று பொருள்படாது. 'வைத்துக்கொள், ஆனால் ஒவ்வொரு முறையும் என்னைக் கேட்டுவிட்டுக் காட்டு' என்று பொருள்படும். சேமிக்கவே கூடாது என்பதற்கு 'நோ-ஸ்டோர்' என்ற தனிச் சொல் இருக்கிறது.

சர்வர் ஒன்றுமே சொல்லாவிட்டால்தான் வம்பு தொடங்குகிறது. அப்போது உலாவி தானே ஒரு கணக்குப் போட்டுக்கொள்ள விதி அனுமதிக்கிறது: பக்கம் கடைசியாக மாறி எவ்வளவு காலம் ஆகியிருக்கிறதோ, அதில் பத்தில் ஒரு பங்கு நேரம் அதைப் புதியதாகவே கருதுவது வழக்கமான கணக்கு. இதன் விளைவை எங்கள் ஊர் நிகழ்வோடு பொருத்திப் பார்த்தால்தான் புரியும். பண்டிகை விடுமுறையில் ஐந்து நாள் ஏலம் நடக்காமல், விலைப் பக்கமும் மாறாமல் கிடந்தது என்று கொள்வோம். ஐந்து நாள் என்பது 120 மணி நேரம். அதில் பத்தில் ஒரு பங்கு 12 மணி நேரம். விடுமுறை முடியும் நாள் அதிகாலையில் ஒருவர் அந்தப் பக்கத்தைத் திறந்திருந்தால், ஏலம் முடிந்து புது விலை ஏறிய பிற்பகலிலும் அவர் போனில் பழைய விலை நிற்க முழு வாய்ப்பு உண்டு. விலை எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று எல்லோரும் ஆவலாக இருக்கும் நாளில்தான் இந்தக் குறையும் மிகுதியாக வருகிறது என்று நான் பல ஆண்டுகளாகக் கவனித்ததற்குக் காரணம் இந்தக் கணக்காகத்தான் இருக்க வேண்டும்.

இனி வழிகளுக்கு வருவோம். மிக மலிவானது சாதாரணப் புதுப்பித்தல்: கணினியில் எஃப்5, போனில் பக்கத்தை மேலிருந்து கீழே இழுப்பது. புக்மார்க் வழியாகவோ இணைப்பைத் தொட்டோ ஒரு பக்கத்தைத் திறக்கும்போது உலாவி தன் கணக்கை நம்பிப் பழைய பிரதியைத் தரலாம். ஆனால் நாமே புதுப்பிக்கச் சொன்னால், முதன்மைப் பக்கத்தை அது கட்டாயம் சர்வரிடம் கேட்டுச் சரிபார்க்கும். மாற்றமில்லை என்றால் சர்வர் 304 என்ற எண்ணை மட்டும் விடையாக அனுப்பும். பக்கத்தின் உடல் வராததால் டேட்டா செலவு மிகச் சிறியது. மேலே சொன்ன விடுமுறைக் குறைக்கு இதுவே போதும். இந்த வழியின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். 2017 தொடக்கத்தில் குரோம் அறிவித்த மாற்றத்தின்படி, சாதாரணப் புதுப்பித்தலில் முதன்மைப் பக்கம் மட்டுமே சரிபார்க்கப்படுகிறது. அதற்குள் வரும் படங்களும் நிரல் கோப்புகளும் தத்தம் காலக்கெடு முடியும் வரை சேமிப்பிலிருந்தே எடுக்கப்படுகின்றன. பக்கத்தின் தலைப்பில் இன்றைய தேதியும், விலைப் பட்டியலாக ஒட்டப்பட்ட படத்தில் நேற்றைய எண்களும் தெரிவது இதனால்தான்.

அந்த இடத்தில் வலுவான புதுப்பித்தல் உதவுகிறது. விண்டோஸிலும் லினக்ஸிலும் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால், குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் ஆகியவை சேமிப்பைப் புறக்கணித்துப் பக்கத்தையும் அதன் கோப்புகளையும் முழுதாக வரவழைக்கும். மேக் கணினியில் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட். எதையும் அழிப்பதில்லை, எங்கிருந்தும் வெளியேற்றுவதில்லை, அந்த ஒரு பக்கத்தின் டேட்டா மட்டுமே செலவாகும். கணினியில் உட்கார்ந்திருப்பவருக்கு இதைவிடச் சிறந்த முதல் நடவடிக்கை வேறில்லை. பக்கம் ஏறி முடிந்த பிறகு நிரல் தானாகச் சென்று கேட்டு வாங்கும் தகவலுக்கு இந்த வலு முழுமையாகச் செல்வதில்லை என்பது ஒரு குறை. போனில் இதற்கான பொத்தானே இல்லை என்பது அதைவிடப் பெரிய குறை. எங்களிடம் வருபவர்களில் பெரும்பாலோர் போன்காரர்கள்.

மறைநிலைச் சாளரத்தை நான் மருந்தாகக் கருதுவதில்லை, நாடி பிடித்துப் பார்க்கும் வழியாகவே கருதுகிறேன். திறந்திருக்கும் மறைநிலைச் சாளரங்களை எல்லாம் மூடிவிட்டுப் புதிதாக ஒன்றைத் திறந்தால், அது வெற்றுச் சேமிப்போடு தொடங்குகிறது. அதில் புது விலை தெரிந்தால் குற்றம் நம் உலாவியின் சேமிப்பில் இருக்கிறது. அதிலும் பழைய விலையே தெரிந்தால், நம் போனில் எதை அழித்தும் பயனில்லை. அரை நிமிடத்தில் முடியும் இந்தச் சோதனையைச் செய்யாமல் எதையும் அழிக்கக் கூடாது என்பதை என் மையத்தில் வேலை பார்க்கும் தம்பிகளுக்கு விதியாகவே வைத்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் அழிக்கும் வழியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கன்ட்ரோல், ஷிஃப்ட், டெலீட் அழுத்தினால் வரும் பெட்டியில் உலாவல் வரலாறு, குக்கீகளும் தளத் தரவும், சேமித்த படங்களும் கோப்புகளும் என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். மூன்றையும் டிக் செய்து அழித்தால் பழைய பக்கம் ஒழியும் என்பது உண்மையே. ஆனால் நாம் உள்நுழைந்திருப்பதைத் தளம் அடையாளம் காண உதவும் சிறு குறிப்பான குக்கீ போனால் உள்நுழைந்திருந்த தளங்கள் எல்லாவற்றிலிருந்தும் வெளியேற்றப்படுவோம். சமவெளியில் இருப்பவருக்கு அது ஐந்து நிமிடத் தொல்லை. எங்கள் பக்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பீர்மேட்டுப் பகுதியில் தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து வந்த ஒரு மாணவி, கல்லூரிச் சேர்க்கைப் பக்கத்தில் தரவரிசை புதுப்பிக்கப்படவில்லை என்று வேறொரு கடையில் போனைக் கொடுத்திருக்கிறார். அவர்கள் எல்லாவற்றையும் துடைத்துவிட்டார்கள். மறுபடி உள்நுழைய ஓடிபி வேண்டும். பதிவு செய்த எண் அப்பாவின் எண். அப்பா சிக்னல் எட்டாத மலைச்சரிவில் கொழுந்து எடுக்கப் போயிருக்கிறார். மாலையில் அவர் இறங்கி வரும் வரை அந்தப் பெண் என் மையத்து வாசலில் காத்திருந்தார். இரு மாநிலங்களிலும் விண்ணப்பித்து, இரண்டு தளங்களில் இரண்டு எண்களோடு நுழைந்திருக்கும் எல்லைப்புறப் பிள்ளைகளுக்கு இந்தச் செலவு இரட்டிப்பாகிறது. இதோடு, கணக்கில் நுழைந்த நிலையில் குரோமில் வரலாற்றை அழித்தால், அதே கணக்கோடு ஒத்திசைந்துள்ள மற்றக் கருவிகளிலும் அது அழியும்.

ஆகவே அந்தப் பெட்டியைத் திறக்கத்தான் வேண்டும் என்றால், சேமித்த படங்களும் கோப்புகளும் என்ற கட்டத்தை மட்டும் டிக் செய்து, கால வரம்பில் 'எல்லாக் காலமும்' என்பதைத் தேர்ந்தெடுப்பதே தக்க முறை. கடைசி ஒரு மணி நேரம் என்று விட்டால் சில பழைய கோப்புகள் மிஞ்சக்கூடும். குக்கீ தொடப்படாததால் எங்கிருந்தும் வெளியேற மாட்டோம். இழப்பு, எல்லாத் தளங்களின் படங்களும் மறுபடி இறங்க ஆகும் டேட்டாவும் நேரமும் மட்டுமே. வலுவான புதுப்பித்தல் இல்லாத போனுக்கு இதையே நான் பரிந்துரைக்கிறேன். ஆண்ட்ராய்டு அமைப்புகளுக்குள் போய், செயலிப் பட்டியலில் உலாவியைத் தொட்டு, சேமிப்பகப் பகுதியில் கேஷை மட்டும் நீக்குவதும் ஏறக்குறைய இதே பலனைத் தரும். அதன் அருகிலேயே இருக்கும், எல்லாத் தரவையும் நீக்கும் பொத்தானில் விரல் பட்டுவிட்டால் உலாவி புதிதாக நிறுவியதுபோல் ஆகிவிடும். எனவே வயதானவர்களுக்கு இந்தப் பாதையை நான் காட்டுவதில்லை.

சில தளங்களுக்கு இதுவும் போதாது. இன்றைய தளங்கள் பல, சர்வீஸ் ஒர்க்கர் என்னும் சிறு நிரலை நம் உலாவியில் குடிவைத்து, இணையம் இல்லாதபோதும் பக்கம் திறக்கும்படி செய்கின்றன. முகப்புத் திரையில் சின்னமாகச் சேர்த்துக்கொள்ளும் தளங்களில் இது அதிகம். சிக்னல் வந்து வந்து போகும் ஏலத்தோட்டத்துக்கு இது ஒரு வரம் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த நிரல் தனியான ஒரு சேமிப்பிலிருந்து பக்கத்தை எடுத்துத் தருகிறது; குரோமில் அந்தச் சேமிப்பு, தளத் தரவு என்ற கணக்கில் வருகிறதே தவிர, சேமித்த படங்களும் கோப்புகளும் என்ற கட்டத்தில் வருவதில்லை. கணினியில் வலுவாகப் புதுப்பித்தால் அந்த ஒரு முறை நிரல் விலக்கிவைக்கப்பட்டுப் புதுப் பக்கம் வரும். அடுத்த முறை சாதாரணமாகத் திறந்தால் பழையது திரும்பி வந்து நிற்கும். 'சரியாயிற்று என்று போனேன், வீட்டில் பார்த்தால் பழையபடி' என்று திரும்பி வருபவர்களின் குறை அநேகமாக இதுதான். இதற்கு முதலில் செய்ய வேண்டியது, அந்தத் தளத்தின் எல்லாத் தாவல்களையும் (டேப்) மூடிவிட்டு மறுபடி திறப்பது: தளம் அனுப்பிய புது நிரல், பழைய நிரலைப் பயன்படுத்தும் தாவல் ஒன்று திறந்திருந்தாலும் பொறுப்பேற்காமல் காத்திருப்பதே இயல்பான ஏற்பாடு. ஒரே தாவலைப் பத்து முறை புதுப்பிப்பவருக்குப் பலன் கிடைக்காததும், மூடித் திறந்தவருக்கு உடனே கிடைப்பதும் இதனால்தான்.

அதற்கும் மசியாவிட்டால், அந்த ஒரு தளத்தின் தரவை மட்டும் நீக்க வேண்டும். முகவரிப் பட்டையின் இடப்பக்கச் சின்னத்தைத் தொட்டால் வரும் தள அமைப்புகளில் அதற்கு வழி இருக்கிறது. அந்தத் தளத்தின் குக்கீ, அது சேமித்தவை, குடியிருக்கும் நிரல் எல்லாம் போய்விடும். பிற தளங்களின் உள்நுழைவு தொடப்படாது. பின்னர் கணினியானால் ஒருமுறை வலுவாகப் புதுப்பித்துவிட வேண்டும். எல்லாவற்றையும் அழிப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, ஒரு வாய்க்காலில் அடைப்பு என்றால் அந்த மடையைத் திறப்பதற்கும் கண்மாயையே உடைப்பதற்கும் உள்ள வேறுபாடுதான். அழிக்கும் வழிகளுள் எதைத் தேர்வது என்று கேட்டால், தயக்கமின்றி இதையே சொல்வேன். இதிலும் அந்த ஒரு தளத்திலிருந்து வெளியேறிவிடுவோம் என்பதால், ஓடிபி வரும் எண் கையருகில் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டுதான் செய்ய வேண்டும்.

இரண்டு சிறிய உத்திகளையும் சொல்லிவிடுகிறேன். முகவரியின் கடைசியில் ஒரு கேள்விக்குறியும் ஏதேனும் ஓர் எண்ணும் சேர்த்துத் திறந்தால், உலாவிக்கு அது வேறு முகவரி; ஆகவே அந்தப் பக்கத்துக்குப் பழைய பிரதியைத் தர முடியாது. போனில் ஒரே ஒருமுறை உறுதிசெய்துகொள்ள இது நல்லது. தளம் உருவாக்குபவர்கள், எஃப்12 அழுத்தினால் வரும் கருவியில் நெட்வொர்க் பகுதிக்குள் சேமிப்பை முடக்கும் கட்டத்தை டிக் செய்து வைத்துக்கொள்ளலாம். கருவி திறந்திருக்கும் வரை மட்டுமே அது செல்லும். பின்செல்லும் பொத்தானால் வரும் பழைய பக்கம் வேறு வகை: விட்டுவந்த பக்கத்தை உலாவி நினைவில் உறையவைத்து அப்படியே மீட்டுத் தருகிறது. ஒரு புதுப்பித்தல் போதும்.

எங்கள் ஊரில் வேரூன்றிய ஒரு நம்பிக்கையைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. குமுளியிலும் கம்பம்மெட்டிலும் போன் சில அடி தூரத்தில் தமிழ்நாட்டு டவரிலிருந்து கேரள டவருக்குத் தாவும். இரு பக்கத்து சிம்களும் பலரிடம் உண்டு. பழைய விலை நின்றால் டவர் மாறியதுதான் காரணம் என்று சிம்மை மாற்றிப் பார்க்கிறார்கள். சேமிப்பு இருப்பது போனுக்குள். எந்த சிம் போட்டாலும் அது அப்படியே இருக்கும். முகவரி எச்டிடிபிஎஸ் என்று தொடங்கினால் பக்கம் பூட்டப்பட்டே பயணம் செய்வதால், நடுவிலிருக்கும் தொலைத்தொடர்பு நிறுவனமும் அதன் பிரதியை எடுத்து வைத்துக் கொடுக்க முடியாது. ஆனால் தளத்தின் உரிமையாளரே அமர்த்திக்கொள்ளும் சிடிஎன் நிறுவனங்கள், கிளவுட்ஃப்ளேர், அகாமாய் போன்றவை, பல ஊர்களில் பிரதி வைத்து வழங்குகின்றன. அங்கே பழைய பிரதி தங்கினால், மறைநிலையிலும் வேறொருவர் போனிலும் அதே பழைய பக்கமே வரும். அப்போது நாம் அழிக்க வேண்டியது ஒன்றுமில்லை; தளத்தாருக்குத் தெரிவித்துவிட்டுக் காத்திருப்பதே வழி. தளம் வேறு சர்வருக்கு மாறிய நாளில் மட்டும், விண்டோஸ் கணினியில் 'ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ்' கட்டளையால் டிஎன்எஸ் சேமிப்பை, அதாவது தளத்தின் பெயருக்கு உரிய சர்வர் முகவரியைக் கணினி குறித்து வைத்திருப்பதை, நீக்குவது சில சமயம் பலன் தரும்.

விலைப் பட்டியலோ, அணை நீர்மட்டமோ, தேர்வு முடிவோ வெளியிடும் சிறு தளங்களை எங்கள் வட்டாரத்தில் இளைஞர்கள் பலர் உருவாக்கித் தருகிறார்கள். அவர்களிடம் கேட்டுக்கொள்ள ஒன்று உண்டு. பெரியாறு அணையின் மட்டத்தைப் பார்த்து நாற்றங்கால் போடும் கம்பம் பள்ளத்தாக்கு விவசாயியிடம், 'கன்ட்ரோல், ஷிஃப்ட் அழுத்துங்கள்' என்று சொல்வது நியாயமில்லை. மாறிக்கொண்டே இருக்கும் பக்கத்துக்கு 'நோ-கேஷ்' என்ற ஒரு வரியைச் சர்வரில் எழுதுங்கள்; மாற்றமில்லாத நாளில் 304 மட்டுமே போகும் என்பதால் மலைமேல் இருப்பவரின் டேட்டாவும் வீணாகாது. படங்களுக்கும் நிரல் கோப்புகளுக்கும் ஓராண்டுக் கெடுவான 31536000 நொடியைக் கொடுத்துவிட்டு, உள்ளடக்கம் மாறும்போதெல்லாம் கோப்பின் பெயரையே மாற்றுங்கள். விலையைப் படமாக ஒட்டாமல் எழுத்தாகவே இடுங்கள், அருகில் ஏலம் நடந்த தேதியையும் இடுங்கள். அந்தத் தேதி இருந்திருந்தால், நான்கு மூட்டைக்குப் பேச்சை முடித்த அந்த விவசாயி, தன் போனில் நிற்பது நேற்றைய விலை என்பதை அங்கேயே கண்டுகொண்டிருப்பார்.